நியூட்ரலில் இறங்கும் லாரிக்கு யார் பொறுப்பு?

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வந்தால், தருமபுரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொப்பூர் கணவாய் வருகிறது. மேட்டு நிலத்திலிருந்து சாலை கீழே இறங்கும் இடம் அது. இறக்கத்தோடு வளைவுகளும் சேர்ந்துகொள்ளும். காரில் போகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. சுமை ஏற்றிய லாரிக்கு அது வேறு சாலை. 2020 டிசம்பரில் ஒரு லாரி அங்கே முன்னாலிருந்த வண்டிகள்மேல் வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் திரும்பவும் அதே கணவாயில் அடுத்தடுத்து வண்டிகள் மோதி, திரும்பவும் நான்கு பேர். இந்த இரண்டும் பெரிய செய்தி ஆனவை. செய்தி ஆகாதவை நிறைய.

ஒவ்வொரு விபத்துக்கும் தனிக் காரணம் உண்டு. ஆனாலும் தொப்பூர் என்றதுமே லாரிக்காரர்கள் பேசுவது ஒரு பழக்கத்தைப் பற்றித்தான். இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு வண்டியைத் தானாக உருளவிடும் பழக்கம். டீசல் மிச்சமாகும் என்பது அதன் பின்னால் இருக்கிற நம்பிக்கை. ஓட்டுநர் கல்வி என்று நாம் பேசுவது என்ன, சாலையில் பொறுப்பு யார் யாருக்கு இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதன் எடையே கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் அவ்வளவு ஆற்றலும் எங்காவது போய்ச் சேர வேண்டும். கியரில் இருந்தால் அதில் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். சக்கரம் இன்ஜினைச் சுற்ற வைக்கும், அந்தச் சுமை சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும் வண்டியில் அந்தப் பிடி இன்னும் பலமாக இருக்கும். நியூட்ரலில் போட்ட நொடியில் இந்தப் பிடி மொத்தமும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது பிரேக் டிரம்கள் மட்டும். அவ்வளவு சூடும் அங்கேதான் ஏறும். டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைவிட்டு விலகும், ஷூமேல் இருக்கும் லைனிங்கின் உராய்வும் குறைந்துபோகும். மிதிக்க மிதிக்க, பிரேக்கை இயக்கும் காற்றின் அழுத்தமும் இறங்கும், மெதுவாக ஓடும் இன்ஜின் அதை உடனே நிரப்பித் தராது. பயந்துபோய்த் திரும்பக் கியர் போடலாம் என்று பார்த்தால், அந்த வேகத்தில் கியர் விழாது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று பிறகு எழுதப்படும். பெரும்பாலும் பிரேக் கெட்டுப்போயிருக்காது, அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியிருப்பார்கள்.

இதில் என்னை மிகவும் வருத்தப்படுத்துவது, மிச்சமாவதாக நினைக்கும் டீசல் மிச்சமே ஆவதில்லை என்பதுதான். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் டீசல் பாய்வது நின்றுவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் டீசல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதாவது, இல்லாத லாபத்துக்காக உயிர்கள் போகின்றன. இதைப் புரிய வைக்க ஒரு ஓட்டுநருக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்?

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழிலில் ஓட்டுநர்கள் உருவான விதம் இதற்குப் பதில் சொல்லும். கிளீனராக வண்டியில் ஏறி, டயரில் கல் பிடுங்கி, தார்ப்பாய் கட்டி, இரவில் ஆளில்லாத சாலையில் கொஞ்ச நேரம் ஸ்டியரிங் பிடித்துப் பார்த்து, சில வருடங்களில் டிரைவர் ஆனவர்கள் அவர்கள். நல்ல ஆளிடம் சேர்ந்தவருக்கு, எந்தக் கியரில் மேடு ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்ற பாடம் கிடைத்தது. அவசரக்காரரிடம் சேர்ந்தவருக்கு நியூட்ரல் பாடம் கிடைத்தது. நல்லதும் கெட்டதும் ஒரே வழியில்தான் கைமாறின. இப்போது அந்தக் குருகுலமும் தேய்ந்துகொண்டிருக்கிறது. கிளீனருக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாமல் பல வண்டிகள் ஒரே ஆளோடு ஓடுகின்றன. பழைய பள்ளிக்கூடம் மூடப்படுகிறது, புதியது இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. கனரக வாகன ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு கட்டாயம் என்ற விதியை 2019-இல் மத்திய அரசு நீக்கியது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டும் திறமை மார்க் ஷீட்டில் இருப்பதில்லை. ஆனால் பள்ளிப் படிப்பு வேண்டாம் என்று சொன்ன கையோடு, அந்த இடத்தில் நல்ல தொழில் பயிற்சி எல்லோருக்கும் எட்டும்படி வந்திருக்க வேண்டும்.

லாரி ஓட்டுநரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, பைக்கும் காரும் ஓட்டும் நாம் எப்படிக் கற்றுக்கொண்டோம் என்று பார்ப்பதுதான் நியாயம்.

நான் கார் ஓட்டக் கற்றது ஒரு டிரைவிங் ஸ்கூலில். காலை ஆறரைக்கு வண்டி வரும். மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவோம், ஆளுக்கு இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். பக்கத்து சீட்டில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். பாதி நேரம் வண்டியை நிறுத்தியது நானா அவரா என்று எனக்கே தெரியாது. ஹாஃப் கிளட்சில் மேடேற்றுவது, ரிவர்ஸ் எடுப்பது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன செய்யச் சொல்வார் என்பது, இவ்வளவுதான் பாடம். ஒருநாள்கூட இரவில் ஓட்டவில்லை. மழையில் ஓட்டவில்லை. நெடுஞ்சாலைக்குப் போகவே இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள்படி கார் போன்ற சொந்த வாகனத்துக்குப் பயிற்சிக் காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்பதெல்லாம் லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் ஓட்டியது அதில் பாதிகூட இருக்காது.

பைக்குக்கு இதுவும் கிடையாது. தெருவில் அண்ணனோ நண்பனோ பின்னால் பிடித்துக்கொள்ளக் கற்பதுதான். ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டால் லைசென்ஸ். எட்டு போடுவதில் தெரிவது மெதுவான வேகத்தில் வண்டியைச் சமன் செய்யும் திறன். அது வேண்டியதுதான். ஆனால் 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அவர்களில் எட்டு போடத் தெரியாமல் இறந்தவர் யாராவது இருப்பாரா? அந்த ஆண்டு உயிரிழப்புகளில் நூற்றுக்கு 71 வேகம் சம்பந்தப்பட்டவை. ஹெல்மெட் போடாமல் போய் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர், அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். தமிழ்நாடு அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. இறந்தவர்கள் 17,884 பேர், உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி. நாள் ஒன்றுக்கு 49 வீடுகள்.

வண்டி ஓட்டத் தெரிவது வேறு, ரோட்டில் போகத் தெரிவது வேறு. நம் ஊரில் முதலாவதைச் சொல்லித் தருகிறோம், இரண்டாவதை அவரவர் அனுபவத்துக்கு விட்டுவிடுகிறோம். அந்த அனுபவத்துக்கான விலையைப் பல நேரம் அடுத்தவர் கொடுக்கிறார்.

ரோட்டில் போகத் தெரிவது என்றால் என்ன? வேகத்தையே எடுத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், காய்ந்த நல்ல சாலையில் முழுதாக நிற்க ஏறக்குறைய 25 மீட்டர் வேண்டும். 60-இல் 45 மீட்டர். 80-இல் 68 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்குதானே என்றுதான் மனம் கணக்குப் போடும். பிரேக் பிடிக்கத் தொடங்கிய பிறகு போகும் தூரம் நான்கு மடங்காகிறது. இந்தக் கணக்கு கால்களுக்குப் புரிய வேண்டும். காலி மைதானத்தில் கோடு கிழித்து, 40-இல் ஒரு முறை, 60-இல் ஒரு முறை பிரேக் அடித்துக் காட்டினால் வாழ்நாள் முழுக்க மறக்காது. எந்த டிரைவிங் ஸ்கூலிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

பெரிய வண்டிகளோடு சேர்ந்து போவது இன்னொரு பாடம். லாரியோ பஸ்ஸோ இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்திலேயே போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் சந்து கிடைத்தது என்று லாரியின் இடது ஓரம் போய் நிற்கும் பைக்காரர் நிற்பது அந்தச் சக்கரம் வரப்போகும் இடத்தில். ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அந்த இடம் அவர் கண்ணாடியில் தெரியாமல் போகலாம். அவரும் கவனமாகத்தான் இருக்கிறார், இவரும் மெதுவாகத்தான் போகிறார். ஆனாலும் உயிர் போகிறது. மற்றவர் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித் தரவில்லை. பைக் கற்கிற ஒவ்வொருவரையும் ஒரு முறை நின்றுகொண்டிருக்கும் லாரியின் டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்து, "கீழே உன் நண்பன் நிற்கிறான், தெரிகிறானா பார்" என்று கேட்டால் போதும்.

இண்டிகேட்டரைப் பாருங்கள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், வலது பக்கம் திரும்பப் போகிறது என்று ஒருவர் எடுத்துக்கொள்கிறார். "வலது பக்கம் என்னைத் தாண்டிப் போ" என்று சைகை தருவதாக இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு பழக்கமும் புழக்கத்தில் உண்டு. ஒரே விளக்குக்கு இரண்டு அர்த்தம் இருக்கும் சாலையில் யாரைக் குற்றம் சொல்வது? எல்லோரும் ஒரே பாடத்தைப் படிக்காததன் விளைவு அது.

சரி, அப்படியானால் பயிற்சியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைச் சமாளிக்கும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். 1980-களில் அதை ஆராய்ந்து பார்த்தபோது, பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே வழுக்குப் பாதை விபத்துகள் குறையாமல் கூடியிருந்தன. வழுக்கினால் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்ததால் வேகமாகப் போனார்கள். இது கசப்பான பாடம், ஆனால் ரொம்ப முக்கியமானது. திறமையை மட்டும் வளர்க்கும் பயிற்சி, ஓட்டுபவரின் தன்னம்பிக்கையை அவருடைய திறமையைவிட வேகமாக வளர்த்துவிடும். "பையன் கில்லாடி, எப்படி வளைத்தாலும் ஓட்டுவான்" என்று நாம் பெருமைப்படும் பையன்தான் பயப்பட வேண்டிய பையன்.

அதனால்தான் பல நாடுகள் வேறு வழிக்குப் போயின. நியூசிலாந்து 1987-இல் படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் முதல் கட்டத்தில் பின்னிரவில் தனியாக ஓட்ட முடியாது, நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகவும் கட்டுப்பாடு உண்டு. ஆபத்து அதிகமான சூழ்நிலைகளுக்கு ஆள் பழகிய பிறகுதான் விடுகிறார்கள். பிரிட்டனில் 2002 நவம்பரிலிருந்து, வண்டியை ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு முன்பே இன்னொரு தேர்வு உண்டு. சாலைக் காட்சிகளை வீடியோவில் காட்டி, ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே கண்டுபிடிக்கிறாரா என்று சோதிக்கிறார்கள். கை கால் வேலையைவிடக் கண்ணும் எச்சரிக்கையும்தான் உயிரைக் காக்கும் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இந்தியாவிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2021 ஜூலை முதல் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. அங்கே இலகுரக வாகனப் பயிற்சி 29 மணி நேரம், அதில் 8 மணி நேரம் வகுப்பறைப் பாடம், 21 மணி நேரம் ஓட்டும் பயிற்சி. கிராமச் சாலை, நகரச் சாலை, நெடுஞ்சாலை, மேடு பள்ளம் எல்லாம் அதில் வருகின்றன. விபத்து ஏன் நடக்கிறது, முதலுதவி, சாலையில் வரும் கோபம் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன. அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. இந்த மையங்கள் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் இடமாக மாறாமல் பார்த்துக்கொண்டால் இது பெரிய மாற்றம். பார்த்துக்கொள்ளாவிட்டால், இருந்த ஒரு தேர்வையும் இழந்தவர்களாவோம்.

இனி பொறுப்புக்கு வருவோம். சாலைப் பாதுகாப்பு எல்லோருடைய பொறுப்பு என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோருடையதும் என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடுகிற ஆபத்து அதில் இருக்கிறது. எனக்குத் தோன்றுவது, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் சமமாக இல்லை. யார் கையில் அதிக எடையும் வேகமும் அதிகாரமும் இருக்கிறதோ அவர் பங்கு பெரியது. நடந்து போகும் பாட்டிக்கும் டிப்பர் லாரிக்கும் ஒரே அளவு கவனம் வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. 2022-இல் மட்டும் 32,825 பாதசாரிகள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் எதிரில் வந்த வண்டியை நசுக்கியிருக்க முடியாது.

தொப்பூருக்கே திரும்பப் போவோம். நியூட்ரலில் போட்டது ஓட்டுநரின் கை. அந்தக் கையைத் தள்ளியது யார்? லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரவில்லை என்றால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று சொன்ன முதலாளி அதில் இருக்கிறார். தேய்ந்த லைனிங்கை அடுத்த டிரிப்புக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னவர் இருக்கிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும் வரை, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை டீக்கடையில் விடியற்காலை மூன்று மணிக்கு முகம் கழுவும் ஓட்டுநரிடம் போய் அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சரக்கு நேற்றே வந்திருக்க வேண்டும் என்று போனில் கத்தும் வியாபாரிக்கும் அதில் பங்கு உண்டு. அப்புறம் சாலையைப் போட்டவர்கள். வேகமாகப் போகத் தூண்டும் அகலமான சாலையை நேராகக் கொண்டுவந்து, சரிவான வளைவில் விட்டுவிட்டு, "மெதுவாகச் செல்லவும்" என்று பலகை வைத்தால் போதுமா? அந்த இடத்தில் உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் கையில் எடுக்கப்பட்டதே, தப்பு ஓட்டுநரிடம் மட்டும் இல்லை என்று ஒப்புக்கொண்டது மாதிரிதான்.

2019 சட்டத் திருத்தத்தில் இந்தப் பார்வை கொஞ்சம் வந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையை வடிவமைப்பவரும் கட்டுபவரும் பராமரிப்பவரும் தரத்தைக் காப்பாற்றாததால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஒரு உயிருக்கு அந்தத் தொகை மிகக் குறைவு என்பது என் எண்ணம். ஆனாலும் சாலை போட்டவரின் பெயரும் குற்றப் பட்டியலில் வரலாம் என்பதே புதிது. 199ஏ பிரிவு வீட்டுக்குள் வருகிறது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பத்தாம் வகுப்புப் பையன் டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் "பக்கத்துத் தெருதானே" என்கிறார்கள்.

சாலைப் பாதுகாப்பில் வந்த வேறு சில மாற்றங்களுக்குப் பின்னால் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-இல் சாலை மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் பேரில் 2014-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சாலைப் பாதுகாப்புக் கொள்கை, மாவட்டந்தோறும் குழு, புதிய சாலைகளுக்குப் பாதுகாப்புத் தணிக்கை என்று 2017 நவம்பரில் நீதிமன்றம் வரிசையாக உத்தரவுகள் போட்டது. அறுவை மேசையில் நாள்தோறும் வந்து விழுந்த உடல்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இது தன் வேலை இல்லை என்று இருந்துவிடாததால் வந்த மாற்றம் இது.

விபத்தைப் பார்க்கிறவருக்கும் ஒரு பங்கு உண்டு. முன்பெல்லாம் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், சாட்சி, கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. பிறகு 134ஏ பிரிவாகவே அது சட்டத்தில் ஏறியது. பெயர் சொல்ல வேண்டும் என்றுகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. காசு யார் கட்டுவது என்ற தயக்கத்தில் நேரம் கடத்த வேண்டியதில்லை. இதெல்லாம் எல்.எல்.ஆர். தேர்விலேயே கேட்க வேண்டிய கேள்விகள். அங்கே நம்மிடம் கேட்பது பெரும்பாலும் பலகைகளின் அர்த்தம்.

என் அக்கா மகன் போன மாதம் எல்.எல்.ஆர். வாங்கியிருக்கிறான். டிரைவிங் ஸ்கூல் போகட்டும், ஆனால் லைசென்ஸ் வந்த பிறகும் ஆறு மாதம் நான் பக்கத்தில் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு மழை நாள், சில இரவுகள், ஒரு முறை தொப்பூர் இறக்கம் என்று மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாள், "கார், பைக், லாரி" என்று வண்டிகளை மட்டும் சொன்னான். நேற்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், நிறுத்தத்தில் நின்ற டவுன் பஸ்ஸை நெருங்கும்போது தானாகவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். "பஸ்ஸுக்கு அடியில் இரண்டு கால் தெரியுது மாமா, யாரோ முன்பக்கமா ரோட்டைத் தாண்டப் போறாங்க" என்றான். அவன் முழுதாக நிறுத்திய பிறகுதான், பஸ்ஸின் முகப்பைத் தாண்டிக் கையில் பையோடு ஒரு அம்மா வெளியே வந்தார்.